இடது கட்டைவிரலில் ஒரு ரயில்

…கறுப்பு இல்லை, அதற்குப் பக்கத்தில் இருக்கிற சிவப்பு, அதுதான், அதைத்தான் புதுப் பெட்டியில் சொருக வேண்டும் ராஜரத்தினம், என்று சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன், எனக்குள், ஓர் எழுத்துகூடப் பிசகாமல், ஆனால் மேஜைக்கடியில் மல்லாந்து கிடக்கிறவருக்கு அது எப்படிக் கேட்கும், அவருக்கு அங்கிருந்து தெரிவதெல்லாம் வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் என் இரண்டு கால்கள்தான், வலது கால் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டு, யாருடைய காலோ போல… "பாய், இந்தச் செவப்பு வயரு எங்கிட்டுப் போவுது? பழைய பெட்டிக்கா புதுசுக்கா?" என்கிறார். புதுசுக்கு. எவ்வளவு சின்னச் சொல். இதோ நாக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, வாயைத் திறந்தால் விழுந்துவிடும் போல. திறக்கிறேன். "தண்ணி" என்கிறேன். ஜன்னலோரம் சின்ன இடுக்கியோடு குனிந்திருக்கும் என் மனைவி கமர் ஜஹான் எழுந்திருக்கவில்லை, தம்ளர் தேடவில்லை, தலையை மட்டும் தூக்கி என் கண் போகிற இடத்தைப் பார்க்கிறாள். "அவர் தண்ணி கேக்கல அண்ணே. புதுப் பொட்டியப் பாக்கறார். அதானே?" அதுதான். தலையை ஆட்டுகிறேன். தலையாட்டவாவது விட்டு வைத்தானே என்று அல்லாவுக்கு ஒருமுறை நன்றி, புரிந்துகொள்ள இவளை வைத்தானே என்று இன்னொரு முறை.

முதலில் அவளும் தம்ளர் தம்ளராகக் கொண்டுவந்தவள்தான். தலையணை வேண்டும் என்றாலும் தண்ணி, மின்விசிறியை நிறுத்து என்றாலும் தண்ணி, நீ போய்ப் படு நாள் பூரா நின்றுகொண்டே இருக்கிறாய் என்று சொல்ல வந்தாலும் தண்ணி… வீட்டில் பேசுகிற உருது, கடையில் பேசுகிற தமிழ் இரண்டும் ஒன்றாகப் போன இடத்தில் இந்த ஒரு தமிழ்ச் சொல் மட்டும் ஏன் தங்கியது? கச்சேரி ரோட்டுக் கண்ணாடிக் கடையில் ஒரு வாத்தியாரின் மூக்குக் கண்ணாடிக்குத் திருகு முடுக்கிக்கொண்டிருந்தேன், திருகு விழுந்தது, குனிந்தேன், அப்புறம் நான் எழுந்தது ஆஸ்பத்திரியில், பக்கவாதம், வலது பக்கம் என் பேச்சைக் கேட்பதில்லை. கண் விழித்ததும் குர்ஆனின் முதல் அத்தியாயம் அல்ஹம்து சூராவை முதலிலிருந்து கடைசிவரை கடகடவென்று ஓதினேனாம், ஆமீன் சொல்லி முடிப்பதற்குள் இவள் பேச்சு திரும்பிவிட்டது என்று அழுதுவிட்டாளாம், அப்புறம்தான் 'தண்ணி'. அடையாற்றில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற சிந்து என்ற பெண் சொன்னாள், மனப்பாடமாக இருப்பதெல்லாம் வேறு அலமாரியில் இருக்கிறது சார், அதற்குப் பூட்டு இல்லை, நாமாகக் கோத்துப் பேசுவதுதான் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று. ஒன்று என்று ஆரம்பித்தால் பத்து வரை வரும். நடுவில் நிற்கத்தான் வராது. ஐந்தில் நிறுத்துங்கள் என்பாள், நான் ஆறு ஏழு எட்டு என்று பிரேக் இல்லாத வண்டியாகப் போய்க்கொண்டிருப்பேன், அவள் சிரிக்காமல் மறுபடியும் முதலிலிருந்து என்பாள். நல்ல பெண். பொறுமைசாலி.

"எங்க வீட்ல இதப் பாத்தா எலெக்ட்ரீசியன் வேலைக்குப் போயிட்டீரான்னு கேப்பாவ" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு வயரை முறுக்குகிறார் ராஜரத்தினம். வெள்ளைச் சட்டை முதுகெல்லாம் தூசி. ரங்கநாதன் தெருவில் புடவைக் கடை முதலாளி, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், ஒடிந்த கண்ணாடியோடு என் கடைக்கு வந்தவர் வேலை மேஜையில் நான் பிரித்துப் போட்டிருந்த பொம்மை என்ஜினைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை மறந்தே போனார், அன்றைக்கு ஆரம்பித்த சிநேகம். அவர் ரயில் பார்க்க வருகிற வீடு என்னுடையதுதான். சாந்தோமில், இந்த முதல் மாடியில், இந்த அறையில், சுவரை ஒட்டிச் சுற்றிலும் போட்ட பலகையில் எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு ரயில் பாதை கடலோரமாகப் போகிறது, கலங்கரை விளக்கத்தில் கிளம்பி நொச்சிக்குப்பத்தில் நின்று அடையாறு முகத்துவாரத்தில் திரும்புகிறது, தீக்குச்சிப் படகுகள், ஜாக்கெட் துணி வெட்டிக் கமர் ஜஹான் செய்து கொடுத்த மீன்காரிகளின் குடைகள்… மூன்று என்ஜின்கள். பச்சை டீசல், சிவப்பு எலெக்ட்ரிக், பெட்டிகளைத் தள்ளிவிடுகிற சின்ன நீல என்ஜின். எல்லாம் வெளிநாட்டிலிருந்து வாங்கி நானே நம் ஊர்ச் சாயம் அடித்தவை. பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஸ்விட்ச் வைத்திருந்தேன். வலது கை வேகத் திருகில், இடது கை ஸ்விட்சுகளில், ஆர்மோனியம் வாசிக்கிற மாதிரி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒருநாள் இடது கையை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். வேகத்தைக் குறைப்பதா, ஸ்விட்சைத் தட்டுவதா… யோசிப்பதற்குள் சிவப்பு வளைவில் கவிழ்ந்து படகுகளின் மேல் கிடந்தது. அன்றைக்கு ஒரு சொல் சுத்தமாக வந்தது. "வேணாம்." கதவைச் சாத்தினேன். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகும்படி ராஜரத்தினத்துக்குக் கையைக் காட்டினேன், கதவு, அவர், தெரு, கதவு, அவர், தெரு. புரியாமலா இருக்கும். டீயைக் குடித்துவிட்டு "பொறவு பாப்போம் பாய்" என்று போனார். அடுத்த தடவையும் பொறவு பாப்போம். அதற்கடுத்த தடவையும். அப்போது எனக்கு அவர் மேல் அப்படி ஒரு கோபம். இப்போது நினைத்தால்… எடுத்துக்கொண்டு போயிருந்தால்?

ஆடித் தள்ளுபடிக் கூட்டம் ஓய்ந்த கையோடு ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார், டிஜிட்டல், போனிலிருந்தே ரயிலை ஓட்டுகிறது. இதற்காக எத்தனையோ வருஷம் என்னோடு சண்டை போட்டவர். எதற்கு ஐயா எனக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு போன், ரயிலைக் கையால் ஓட்ட வேண்டும் என்று நானும் விடாமல் எதிர்த்தவன், எதிர்த்துப் பேசுவதற்காகவே அதைப்பற்றி இருப்பதையெல்லாம் படித்து வைத்தவன். பழைய முறையில் தண்டவாளத்தில் எவ்வளவு கரண்ட் விடுகிறோமோ அவ்வளவு வேகம், அதில் நிற்கிற எல்லா என்ஜினும் ஓடும். புதியதில் தண்டவாளம் முழுக்க எப்போதும் முழுக் கரண்ட், அதற்குள்ளேயே செய்தியும் போகும், ஒவ்வொரு என்ஜின் வயிற்றுக்குள்ளும் நகக்கண் அளவில் ஒரு சிப், அதற்கு ஒரு எண், தன் எண்ணைக் கூப்பிட்டால்தான் அது அசையும். ஸ்விட்ச் பலகை வேண்டாம். இரண்டு கை வேண்டாம். இதைச் சொல்லும்போது ராஜரத்தினம் என் முகத்தைப் பார்க்கவில்லை, நான் அப்பவே சொன்னேன்ல என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, பெட்டியின் அட்டையைப் பிரிப்பதில் மும்முரமாக இருந்தார். நான் 'வேணாம்' சொன்னேன், அதுவும் சுத்தமாக வந்தது. கமர் ஜஹான்தான் "நீங்க உள்ள வராதீங்க. வாசப்படில குந்தினு வேடிக்கை பாருங்க, அதுக்கு இன்னா?" என்று நாற்காலியை இங்கே போட்டாள். கதவு வழியில் பாதை குறுக்கே போகிற இடம் இது, ஆள் நுழைய வேண்டுமானால் கழற்றி வைக்கிற ஒரு பாலப் பலகை உண்டு. இப்போது பாலத்தின் இடத்தில் நான் இருக்கிறேன். என் வலது முழங்கால் பக்கம் தண்டவாளம் வந்து அந்தரத்தில் முடிகிறது, இடது பக்கம் மறுபடி ஆரம்பிக்கிறது.

"மூணும் ஆச்சு" என்று இடுக்கியைக் கீழே வைக்கிறாள். மூன்று என்ஜின் வயிற்றிலும் சிப்பைப் பொருத்திவிட்டாள், பாதிப் பேர் ஒடித்துவிடுகிற அதன் மெல்லிய கம்பிக் கால்களை ஒடிக்காமல். ஒவ்வொன்றாகத் தூக்கி வைக்கிறாள், பச்சை நிலையத்தில், நீலம் குப்பத்துக்குப் போகிற கிளைப் பாதையில், சிவப்பு எனக்கு வலப்பக்க வளைவில், மூக்கு என்னைப் பார்த்துக்கொண்டு. தன் பழைய போனை எடுத்து என் இடது கையில் திணிக்கிறாள், அதிலும் ராஜரத்தினத்தின் போனில் இருக்கிற அதே திரை, எண்கள், வேகக் கோடு, எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்த அடியில் சிவப்பாக ஒரு பொத்தான். "சும்மா புடிச்சினு இருங்க." பிடித்துக்கொண்டிருக்கிறேன். ராஜரத்தினம் எழுந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தன் போனைக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோகிறார். "கம்பெனிலேர்ந்து வாறப்போ எல்லாத்துக்கும் மூணாம் நம்பர்தான் இருக்குமாம் மதினி. இப்பம் பச்சைக்கு அஞ்சுன்னு குடுத்துருதேன்." குடுங்கள், ஆனால் அதற்கு முன்னால்… அதற்கு முன்னால் மற்ற இரண்டையும் தூக்க வேண்டும் ராஜரத்தினம், இந்தப் பெட்டியில் எண் கொடுப்பதற்கென்று தனிப் பாதை கிடையாது, தண்டவாளத்தில் என்னென்ன நிற்கிறதோ அத்தனையும் அந்த எண்ணை வாங்கிக்கொள்ளும், தூக்குங்கள், தூக்கிவிட்டு… "தண்ணி" என்கிறேன். "தண்ணி, தண்ணி." "கொஞ்சம் பொறும் பாய், முடிஞ்சிட்டு" என்று பொத்தானை அழுத்துகிறார். கமர் ஜஹான் என் முகத்தைப் பார்க்கிறாள், ஏதோ என்று தெரிகிறது அவளுக்கு, எது என்று தெரியவில்லை, பச்சையைப் பார்க்கிறாள், பெட்டியைப் பார்க்கிறாள். நான் சிவப்பைப் பார்க்கிறேன், நீலத்தைப் பார்க்கிறேன், பார் கமர், இங்கே பார்… "அண்ணே, ஒரு நிமிசம்" என்கிறாள். அதற்குள் அவர் ஐந்தைக் கூப்பிட்டு விரலை மேலே தள்ளிவிட்டார்.

மூன்றும் கிளம்பின. ஒன்றுக்குக் கொடுத்த உத்தரவை மூன்றும் கேட்டன, பச்சை நிலையத்தை விட்டு மிடுக்காக, நீலம் கிளைப் பாதையில் படகுகளை நோக்கி, சிவப்பு வளைவு முழுவதும் சரிந்து நேரே என்னை நோக்கி, பாலமில்லாத வெளியை நோக்கி. "என்னது இது, எல்லாம் ஓடுது!" என்று ராஜரத்தினம் போனைத் தட்டுகிறார், கண்ணாடி நெற்றியிலிருந்து விழுகிறது, போனைப் பார்ப்பதா கண்ணாடியைப் பிடிப்பதா அவருக்கு. சிவப்பு எனக்குக் கை எட்டுகிற தூரத்துக்கும் உள்ளே வந்துவிட்டது, வலது கையைத் தூக்கிக் குறுக்கே வைத்தால் போதும், அணைத்துப் பிடிக்கிற மாதிரி. தூக்கு என்றேன் அதனிடம். தூக்கு. எத்தனை வருஷம் எனக்கு வேலை செய்த கை நீ, மணல் மாதிரித் திருகுகளையெல்லாம் எடுத்த கை, இந்த ஒரே ஒரு தடவை… மடியில் கிடக்கிறது. கேட்கவே இல்லை அதற்கு. என்ஜினின் முன்விளக்கு எரிவதுகூடத் தெரிகிறது, முன்பெல்லாம் நிற்கும்போது அணைந்துவிடுமே, இப்போது எப்போதும் எரியுமோ, அழகாக இருக்கிறதே என்றுகூட ஒரு நினைப்பு, அந்த நேரத்தில் போய்… அப்புறம் கட்டைவிரல். நான் சொன்னேனா அதனிடம்? சொன்னதாக ஞாபகமில்லை. இடது கட்டைவிரல் கமர் ஜஹானின் பழைய போனில் அடியிலிருந்த அந்தச் சிவப்புப் பொத்தானின் மேல் இருந்தது, அழுந்தியிருந்தது, அறை முழுக்க ஒரே சமயத்தில் அமைதியாகிவிட்டது.

முன் சக்கரங்கள் தண்டவாளத்தின் விளிம்பில். மூக்கு அந்தரத்தில், என் முழங்காலை முகர்ந்து பார்க்கிற மாதிரி. முதலில் பேசியது கமர் ஜஹான்தான். "யா அல்லா. இவர் நிறுத்திட்டார் அண்ணே." ராஜரத்தினம் மெல்ல வந்து சிவப்பை இரண்டு கையாலும் எடுத்து, குழந்தையை வைக்கிற மாதிரி உள்ளே தள்ளி வைத்துவிட்டு என் எதிரில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஒண்ணுக்குத்தான குடுத்தேன் பாய்… மத்தது ரெண்டையும் எடுத்திருக்கணுமோ? அதத்தான் சொன்னீரோ?" தலையாட்டினேன். "நீரு சொல்லச் சொல்ல நான் கேக்கல பாரும்." நீரு சொல்லச் சொல்ல. சொன்னேன் என்கிறார். நான் சொன்னது தண்ணி, அவர் அதைச் சொன்னதாகக் கணக்கு வைத்துக்கொண்டுவிட்டார், என்ன மனுஷன் இவர். கமர் ஜஹான் குனிந்து பச்சையைத் தூக்கிக்கொண்டே, "ஒரு வீட்ல மூணு புள்ளைக்கும் ஒரே பேரு வெச்சிட்டு, பேர் சொல்லிக் கூப்ட்டா மூணும் வந்து நிக்காம இன்னா பண்ணும்?" என்றாள், அவ்வளவு சாதாரணமாக, அடுப்படியிலிருந்து பேசுகிற மாதிரி. எனக்கு வயிற்றிலிருந்து என்னவோ கிளம்பியது. இருமல் என்றுதான் நினைத்தேன். சிரிப்பு. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு, தோள் குலுங்கி, நிறுத்தவே முடியாமல்… ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து சிரித்தேனா? சிரிப்பு எந்த அலமாரியில் இருந்ததோ, சிந்துவிடம் கேட்க வேண்டும், எப்படிக் கேட்பேன், போய்ச் சிரித்துக் காட்டினால் ஆயிற்று. ராஜரத்தினமும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"சரி, இப்ப நான் குடுக்கறேன்" என்று கமர் ஜஹான் போனை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டாள். மூன்றையும் தூக்கிவிட்டாள், சிவப்பை மட்டும் வைத்தாள், பக்கத்தில் ஒன்றும் இல்லாமல், தன்னந்தனியாக. "இதுக்கு இன்னா நம்பர் வெக்கறது? நீங்க சொல்லுங்க." நானா. ராஜரத்தினத்தைப் பார்த்தேன், அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார், வேண்டுமென்றேதான். மனசில் ஏழு. ஏன் ஏழு என்று தெரியாது, ஏழு சிவப்புக்குப் பொருத்தம் என்று பட்டது. ஏழு என்று நேராகப் போனால் தண்ணியில்தான் போய் விழுவேன், அதனால் சுற்றிப் போனேன். "ஒண்ணு" என்றேன். அவள் ஒன்றைத் தட்டவில்லை, காத்திருந்தாள். "ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு…" எட்டு வந்துவிட்டது, பல்லுக்குப் பின்னால் வந்து நிற்கிறது, எனக்குத் தெரிகிறது, உதட்டை மூடிக்கொண்டேன், வலிக்கிற மாதிரி மூடிக்கொண்டேன், எட்டு உள்ளேயே கரைந்தது. வராத சொல்லுக்காக இவ்வளவு நாள் அழுதேனே, வந்த சொல்லைப் பிடித்து நிறுத்தியதற்கு யாராவது இவ்வளவு சந்தோஷப்படுவார்களா? "ஏழு" என்றாள் அவள், தட்டினாள். பச்சைக்கும் நீலத்துக்கும் அதே மாதிரி எண்ணி எண்ணி எண் வைத்தோம், நீலத்துக்கு மூன்று சொல்லப்போய்த் தவறி நான்குக்குப் போய்விட்டேன், போகட்டும், நான்கும் நல்ல எண்தான்.

"இப்ப ஒரு சுத்து வரணும்னா பாலம் போடணும். பாலம் போடணும்னா இந்த நாற்காலி இங்க இருக்கக்கூடாது" என்றாள் கமர் ஜஹான். என்னைப் பார்க்காமல் நாற்காலியைப் பார்த்துச் சொன்னாள். வெளியே தள்ளி உட்காரலாம், கூடத்திலிருந்தும் தெரியும். உள்ளேயும் வரலாம். இரண்டில் ஒன்றையும் அவள் சொல்லவில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன், தடியை ஊன்றினேன், ராஜரத்தினம் கை கொடுக்க வந்தார், தடியை அவரிடம் கொடுத்துவிட்டுப் பிடித்துக்கொண்டேன், ஏன் பிடித்துக்கொள்ளக் கூடாது, படியைத் தாண்டி உள்ளே வந்தேன். எனக்குப் பின்னால் பாலம் 'டக்'கென்று உட்கார்ந்தது. இனி வெளியே போக வேண்டுமானால் கழற்றத்தான் வேண்டும். மேஜை விளிம்பில் சாய்ந்துகொண்டு போனை எடுத்து ஏழு என்றேன் விரலால், ஏழு அசைந்தது. மெதுவாக, நிஜ ரயில் நிலையத்தை விடுகிற மாதிரி மெதுவாக, என் திருகில் ஒருநாளும் வராத மெதுவாக. கட்டைவிரலை ஒரு மயிரிழை நகர்த்தினால் அதற்குத் தெரிகிறது. போன் நடுவில் இருக்கிறது என்று எவ்வளவு வாதாடினேன்… பாலத்தைத் தாண்டி, கலங்கரை விளக்கத்தைத் தாண்டி. ராஜரத்தினம் தன் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு பச்சையைக் கிளப்பினார், எனக்குப் பின்னாலேயே, அதே பாதையில். இத்தனை வருஷம் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்த பாதை, ஒரு சமயத்தில் ஒருவர்தான் ஓட்ட முடியும், அது நானாகத்தான் இருந்தது. "பாய், ரொம்ப மெதுவாப் போவாதேயும், பொறத்தால நிக்கேன்" என்றார், குரலே மாறிவிட்டது, பத்து வயசுக்காரர் மாதிரி. கமர் ஜஹான் தன் பங்குக்குத் தன் இன்னொரு போனில் நீலத்தை எடுத்து நொச்சிக்குப்பத்தில் இரண்டு பெட்டிகளைத் தள்ளிக்கொண்டிருந்தாள், மீன்காரிகளின் குடைகளுக்குப் பக்கத்தில் சரியாக நிறுத்தினாள், நிறுத்திவிட்டு ஒன்றுமே நடக்காத மாதிரி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மூன்று ரயில், மூன்று பேர். ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. அடையாறு வளைவில், நான் செய்து வைத்த அட்டை மலைக்குப் பின்னால், கை நுழையாத அந்த மூலையில்கூட விளக்கு ஒரு தடவை மினுங்கவில்லை… அப்போதுதான் தோன்றியது. திக்க வேண்டுமே? கடல் நான்கு தெரு தள்ளி, ஜன்னல் கம்பியைக் கையால் தொட்டால் உப்பு பிசுபிசுக்கிறது, இந்தக் காற்றில் தண்டவாளத்தை ஒரு வாரம் துடைக்காமல் விட்டால் கறுத்துப்போகும், கறுத்தால் கரண்ட் ஏறாது, என்ஜின் இழுத்து இழுத்து நிற்கும், அதற்காகவே முன்பு வாராவாரம் ஸ்பிரிட் தொட்ட துணியோடு உட்காருவேன். மாசக் கணக்கில் சாத்திக் கிடந்த அறை. குனிந்து பார்த்தேன். பாதை முழுக்க வெள்ளிக் கம்பி மாதிரி பளபளவென்று இருந்தது. இன்றைக்கோ நேற்றோ அவசரமாகத் துடைத்த பளபளப்பு இல்லை, அது எனக்குத் தெரியும், இது விடாமல் துடைத்து வந்த பளபளப்பு. யார்? நான் மத்தியானம் தூங்கும்போது இவளா, மலைக்குப் பின்னால் போக முழங்காலில் தவழ வேண்டுமே, முட்டி வலிக்காரி… இல்லை அவரா, என்னிடம் விடைபெற்றுக்கொண்ட பிறகும் அவருடைய கார் கிளம்பும் சத்தம் கேட்க ரொம்ப நேரமாகுமே, அதை நான் உள்ளறையில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் கவனித்தேனே, ஏன் என்று ஒருநாளும் யோசிக்காமல். இரண்டு பேருமா? பேசி வைத்துக்கொண்டா, ஒருவருக்கொருவர் தெரியாமலேயா? நான் வேணாம் வேணாம் என்று கதவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்த அத்தனை நாளும்… வாயைத் திறந்தேன். கேட்பதற்கு ஒரே ஒரு சொல் போதும். இருவரும் என் பக்கம் திரும்பவில்லை, அவரவர் ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பார்க்கிற பார்வையில் ஒன்றும் பிடிபடவில்லை, நான் வாயைத் திறந்தபடியே இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.